மாயாபந்தரில் இரண்டு கடிகாரங்கள்

வெள்ளிக்கிழமை காலை நாலரை மணிக்குத் திருநீறு பூசி, முருகனைக் கும்பிட்டுவிட்டு, கராச்சர்மா பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றேன். எங்கள் தீவுகளின் வடக்கே இருக்கும் மாயாபந்தர் இங்கிருந்து சுமார் இருநூற்று நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் இருநூற்று அறுபது ரூபாய்.

"சலோ சலோ! பெரியவரே, பையை மேல போடவா?" என்றார் கண்டக்டர்.

"பலகாரம் இருக்கு. மடியிலயே இருக்கட்டும்."

"அப்ப எனக்கும் ஹிஸ்ஸா உண்டுல்ல?" என்று சிரித்தார். அவர் பங்குக்கு இரண்டு அதிரசம் கொடுத்தேன்.

மாயாபந்தரில் இருப்பவர் என் சகலை ரத்தினம், என் மனைவியின் தங்கை செல்வியின் கணவர். இருபது வருடம் வெளிநாட்டுக் கப்பல்களில் இன்ஜின் பார்த்தவர். இப்போது கட்டட கான்ட்ராக்ட். வேறு ஆசை ஒன்றும் இல்லாதவர், கப்பலில் இருந்த காலத்தில் சேர்த்த பணத்தில் இரண்டு கைக்கடிகாரம் மட்டும் வாங்கி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றின் விலைக்கும் எங்கள் பக்கம் ஒரு மனை வாங்கலாம். மறுநாள் அவர் மகள் மீனாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு அதில் ஒன்றைப் போட வேண்டும். "எதைக் குடுக்குறதுன்னு நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சாமி கும்பிடுற மனுஷன்" என்று போனில் சொல்லியிருந்தார்.

ஐந்து மணிக்குச் சௌல்தாரி. எங்கள் தீவில் சூரியன் சீக்கிரம் வந்துவிடும், அதற்குள் நன்றாக விடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஊர் இதுதான், சாலையோரம் அவர்களுடைய பாக்குத் தோப்பு தெரிந்தது. ஜிர்காடாங் கேட்டில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி ஆறு மணிக்குச் சேர்த்து விட்டார்கள். டீ பத்து ரூபாய். அதன்பின் பழங்குடியினர் வாழும் காடு, அதற்குள் நிற்கவும் கூடாது, படம் எடுக்கவும் கூடாது. மிடில் ஸ்ட்ரைட் படகுத்துறையில் எல்லோரும் இறங்க, பஸ் ஃபெரிப் படகில் ஏறியது, பின்னாலேயே நாங்களும் ஏறினோம். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. ரங்கத் ஊரில் சாப்பாடு நூறு ரூபாய். வெள்ளிக்கிழமை என்பதால் மீன் வேண்டாம் என்றேன். கடைக்காரர் ரசத்தை இரண்டு கரண்டி கூட ஊற்றினார்.

மூன்றரைக்கு மாயாபந்தர். காபி குடித்த கையோடு ரத்தினம் இரண்டு பெட்டிகளையும் எடுத்து வந்து பஞ்சுத் துணி விரித்தார்.

"என்னைய ஒரு நாளாச்சும் இப்படித் துடைச்சு வச்சிருப்பாரா, கேளுங்க அத்தான்" என்றாள் செல்வி.

"நீ சும்மா இருந்தா துடைக்கலாம். ஓடிக்கிட்டேல்ல இருக்க" என்றார் அவர்.

முதல் கடிகாரம் கிழமை, தேதி, மாதம் எல்லாம் காட்டும். எந்த மாதத்துக்கு முப்பது, எந்த மாதத்துக்கு முப்பத்தொன்று என்று அதற்கே தெரியும், பிப்ரவரி இருபத்தொன்பதும் தெரியும். சின்ன ஜன்னலில் நிலா வளர்ந்து தேயும். ஆனால் ஒரு தடவை நின்றுவிட்டால் எல்லாவற்றையும் ஊசியால் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சரி செய்ய வேண்டும். நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் தொட்டால் உள்ளே சக்கரத்தின் பல் உடையும். ஓடாமல் நிற்கக் கூடாதென்று அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும் மின்சாரப் பெட்டி ஒன்று உண்டு. இங்கே கரண்ட் போகிற போக்கில் அதை நம்ப முடியாமல், தூங்கும்போதும் கையில் கட்டிக்கொள்கிறார்.

இரண்டாவது, மணி சொல்லும் கடிகாரம். பார்க்கச் சாதாரணம், வெள்ளை முகம், இரண்டு முள். பக்கவாட்டில் உள்ள சின்னத் தள்ளியை மேலே தள்ளினால் உள்ளே இரண்டு சுத்தியல் அடிக்கும். கனத்த ஒலி மணிக்கு, இரட்டை ஒலி கால் மணிக்கு, மெல்லிய ஒலி நிமிஷத்துக்கு. மீனா குழந்தையாக இருந்தபோது இதைக் கேட்டுத்தான் தூங்குவாள். இதைத்தான் மாப்பிள்ளைக்கென்று ரத்தினம் மனதில் வைத்திருந்தார்.

"இப்பப் பாருங்க" என்று தள்ளினார். அந்தத் தள்ளி பாதியிலேயே சிக்கி நின்றது. சத்தம் இல்லை.

"சம்பந்தம் பேசி முடிச்ச வாரம் எடுத்துத் தள்ளிப் பார்த்தேன், அப்பலருந்து இது ஊமை. செல்விகிட்ட கூட சொல்லல" என்று குரலைத் தாழ்த்தினார். செல்வி அடுக்களைக்குப் போயிருந்தாள். "எனக்கு மனசே சரியில்ல சகலை. சகுனம் சரியில்லையோ? நிச்சயத்தைத் தள்ளி வைக்கச் சொன்னா வச்சிடுறேன். இதைக் கேக்கத்தான் உங்களை வரச் சொன்னேன்."

பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். அந்தத் தள்ளி ஓடும் சின்னப் பிளவில் மஞ்சளாக ஒரு கோடு காய்ந்திருந்தது. அதில் சிவப்பாக ஒரு துகள்.

போன ஆயுத பூஜைக்கு இங்கேதான் இருந்தேன். ரத்தினம் நிலாக் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வாசலில் லாரிக்குப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே பொட்டு வைக்கிற வேலை எனக்கு. மட்டக்கோல், டேப், கரணை எல்லாவற்றுக்கும் வைத்தேன். அலமாரியைத் திறந்து இந்த இரண்டையும் எடுத்து வைத்தேன். இவையும் உழைக்கிற பொருள்தானே என்று. பன்னீர் விட்டுத் தளரக் கரைத்த சந்தனம், மேலே குங்குமம். அவர் வரும் சத்தம் கேட்டதும், யாரும் தொடக் கூடாது என்பாரே என்று ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்து உள்ளே வைத்துவிட்டேன். ஏழு மாதமாக ஞாபகமே இல்லை.

சகுனம் என்று நான் தலையாட்டினால் நிச்சயம் நிற்கும். சகுனம் இல்லை என்று மட்டும் சொன்னால் அவர் என்னை நம்புவார், என் தவறும் மறைந்துவிடும். "முருகா" என்றுதான் வாயில் வந்தது.

"இது சகுனம் இல்ல ரத்தினம். சந்தனம். நான் வச்சது" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் பூதக்கண்ணாடியை வாங்கி அந்தப் பிளவைத் தானும் பார்த்தார். கடைசியில், "குங்குமமுமா வச்சீங்க?" என்றார்.

"வச்சேன்."

கடிகாரத்தைப் பெட்டியில் வைத்து மூடினார். "மெயின்லேண்டுக்கு அனுப்பி, அங்கருந்து கம்பெனிக்குப் போகணும். வர ஒரு வருஷம் ஆகும்." எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நிச்சயம் நல்லபடி நடந்தது. நிலாக் கடிகாரத்தை மாப்பிள்ளைக்குக் கட்டினார். அந்தப் பிள்ளையும் கப்பலில் இன்ஜினியர். "இன்ஜின் ரூம்ல இருந்துகிட்டே அமாவாசை பௌர்ணமி தெரிஞ்சுக்கலாம் மாமா" என்றான். இன்ஜின் சத்தத்தில் மணி அடித்தால் யாருக்குக் கேட்கும்? இதுவே சரி என்று பட்டது. ஆனால் ரத்தினம் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. பந்தியில் பாயசம் மட்டும் தானே வந்து ஊற்றிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வழியனுப்ப வந்த ரத்தினம் வெளியே கைகட்டி நின்றார். வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. ஊரில் என் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நினைத்துக்கொண்டேன். வருடா வருடம் சந்தனம் பூசி அதன் சட்டமே மஞ்சளாகிவிட்டது. இருந்தும் பேட்டரி போட்டால் ஓடுகிறது. எல்லாப் பொருளையும் அதைப் போலவே நினைத்துவிட்டேன். இனி சிலவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பூ வைத்தால் போதும்.

டிரைவர் வண்டியை எடுத்தார். அப்போது ரத்தினம் என் ஜன்னலுக்குக் கீழே தகரத்தில் முஷ்டியால் ஆறு தடவை மெதுவாகக் குத்தினார். பிறகு முஷ்டியும் விரலுமாக ஒரு ஜோடி. கடைசியில் நகத்தால் இரண்டு.

"அரே, கௌன் ஹை? யாருப்பா அது?" என்று கண்டக்டர் கத்தினார்.

நான் செல்போனைப் பார்த்தேன். ஆறு பதினேழு.