சீட்டு விழாத லயம்

மலாயாவில் அவசரகாலம், காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்கார ஆட்சியோடு சண்டை போட்ட காலம். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரசர். ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுவது என் வேலை. எல்லோரும் ஒரே முள்கம்பி வேலிக்குள் அடைந்து கிடந்தும் எனக்கென்று பேச்சுத் துணை இல்லை. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமார்களுக்கு நான் ஒரு படி கீழே. பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு படி மேலே.

ஒருநாள் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் கவச வண்டியின் துணையோடு வந்தார். மலேரியாவைத் தடுக்கும் புது மாத்திரை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தால் அண்டை அயலார் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்று லயம் லயமாக, ஒரே கூரைக்கு அடியில் நீளும் வீட்டு வரிசைகளாகப் பிரித்தார். எங்களிடம் இருந்தது ஆறு லயம். ஆறு சீட்டு எழுதி என் தொப்பியில் போட்டு, மூன்றை எடுக்கச் சொன்னார்; வந்த லயங்களுக்கு மட்டும் மாத்திரை. எடுத்தேன். நான்காம் லயம் வரவில்லை.

மறுமாதமே அங்கே காய்ச்சல் புகுந்தது. கடைசி வீட்டுப் பெண் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தையின் உடம்பு தூக்கிப் போட்டது.

"எங்க லயத்துப் புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு டிரசரே?"

"சீட்டு அப்படி விழுந்துடுச்சும்மா."

"எடுத்த கை உங்க கைதானே?"

கொய்னா மருந்து கொடுத்ததில் குழந்தை நான்கு நாளில் எழுந்து உட்கார்ந்தாள். ஆனால் அதன்பின் அந்த லயத்தில் யாரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. கட்டுப் போட வந்தவர்கள்கூடக் காலை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

சில மாதம் கழித்து டாக்டர் வந்து, லயவாரியாகக் காய்ச்சல் கணக்கு எழுதிய என் நோட்டை நெடுநேரம் புரட்டினார்.

"இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது."

"இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்களே சார்?"

"இருநூறு பேர் என்று பார்க்காதே, ஆறு லயம் என்று பார். நான்காம் லயம் சதுப்பு ஓரம். ஒரே கொசுக் கூட்டம் அத்தனை பேரையும் கடித்திருக்கிறது. காய்ச்சல் மாத்திரை இல்லாததால் வந்ததா, சதுப்பால் வந்ததா? ஒரு லயத்தில் எத்தனை பேரைச் சேர்த்தாலும் இது விளங்காது. இன்னும் நிறைய லயம் வேண்டும். பல தோட்டங்கள் வேண்டும்."

"சேர்க்கலாமே சார்?"

"இந்த ரோட்டிலா?" என்று வெளியே நின்ற கவச வண்டியைக் காட்டினார். போன வாரம்தான் பக்கத்துத் தோட்டத்து லோரியைக் காட்டோரம் கம்யூனிஸ்டுகள் சுட்டிருந்தார்கள்.

"அப்படியானால் மிச்ச மாத்திரையை எல்லாருக்கும் கொடுத்துடவா?"

நோட்டை மூடினார். "கொடு."

அன்று மாலையே நான்காம் லயத்துக்குப் போனேன். அந்தப் பெண் மாத்திரையை உள்ளங்கையில் வாங்கி, மகளுக்குத் தண்ணீரோடு கொடுத்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு கை நீண்டது. முகம் எதுவும் நிமிரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் தோட்டத்தில் அந்த மாத்திரை யாரையாவது காப்பாற்றியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.