வாழ்வு திறக்கவில்லை

நம்பாவிட்டால் போங்கள். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், ஓர் ஆலை அறையில், சாட்சியோடு நடந்தது.

அந்த ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவளை எல்லாரும் ‘வயர் அக்கா’ என்பார்கள். அவளுடைய கூடப்பிறந்த தம்பிக்கும் அங்கேதான் வேலை, பாய்லரில். மணிக்கொரு தடவை நீராவி அழுத்தத்தைக் கணினியில் பதிய வேண்டும். வால்வு என்று அவனுக்கு ஒருநாளும் எழுத வராது. ‘வாழ்வு’ என்றே அடிப்பான். “உன் வாழ்வு லீக் ஆகுதாமேடா, கவனிச்சியா?” என்று அவள் கிண்டல் செய்வாள்.

ஒருநாள் பிற்பகல் 2.16. தம்பி போன் செய்தான்.

“அக்கா, பிரஷர் எகிறுது. நிறுத்தணும்னு சொன்னா, மேனேஜர் ஓட்டச் சொல்றார். எல்லாத்தையும் எழுதிட்டேன். சேமிக்கப்பட்டதுன்னு வந்துடுச்சு.”

வெளியே ஓடு என்று அவள் கத்துவதற்குள் பாய்லர் வெடித்தது. ஆலை முழுக்க மின்சாரம் போனது. தம்பியும் போனான். அடுத்த அறையிலிருந்த கணினிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

‘சேமிக்கப்பட்டது’ என்பது பாதிப் பொய். அடிப்பதையெல்லாம் உடனுக்குடன் ஹார்ட் டிஸ்கில் எழுதினால் கணினி மெதுவாகும். அதனால் முதலில் தற்காலிக நினைவில் வைத்துக்கொண்டு, முப்பது விநாடி கழித்து மொத்தமாக எழுதும். நாலு மேஜை ஆர்டரையும் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரே நடையாகச் சமையலறைக்குப் போகிற ஓட்டல் சர்வர் மாதிரி. நடுவழியில் சர்வர் விழுந்தால் ஆர்டர் அவ்வளவுதான். மெதுவாக இருக்கிறது என்று மேனேஜர் நச்சரித்ததால் அப்படி மாற்றிவைத்தவள் வயர் அக்காவேதான். தன்மேல் வந்த ஆத்திரம் அவளை உள்ளே தின்றது.

வெடித்து இருபத்தொரு நாள் ஓடிவிட்டது. மறுநாள் விசாரணை. பையன் அசட்டையாக இருந்தான், எதையும் பதியவில்லை என்பது மேனேஜரின் அறிக்கை. அவள் சண்டை போட்டுத்தான் கணினி இருந்த அறையைத் திறக்க வைத்தாள். தாராளமாகப் பாரம்மா என்றார் அவர். கொஞ்சம் அதிகமாகவே தாராளமாக.

கடைசிப் பதிவு 1.15. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

“செத்தவன் தலையில பழியப் போட வெக்கமா இல்லயா?”

“இருக்கறதுதானம்மா இருக்கும்” என்றார் மேனேஜர்.

அவள் கணினியின் மின் வயரை வெடுக்கென்று பிடுங்கினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மணி 2.16.

ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது. பாய்லர் வெடித்து மூன்று வாரமாகிறது.

கிர்ர்... கிர்ர்...

டிஸ்க் சுழலும் சத்தம். சிவப்பு விளக்கு துடித்தது. வயர் அவள் கையில் இருந்தது.

கிர்ர்... கிர்ர்...

முப்பது விநாடி. சரியாக முப்பது.

நின்றது.

வயரைத் திரும்பச் செருகினாள். திரை வந்தது. 1.15-க்குக் கீழே இன்னொரு வரி.

‘2.16. வாழ்வு திறக்கவில்லை. மேனேஜர் ஓட்டச் சொல்கிறார்.’

மேனேஜரின் முகம் வெளுத்தது. “நீதான... நீதான எழுதின?”

“நான் வால்வுன்னு சரியா எழுதுவேன்.”

மறுநாள் விசாரணைக்கு வந்த நிபுணர் பெட்டியைத் திருகிக் கழற்றினார். டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டை இரண்டு தடவை படித்தார். பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டார். பழைய பதிவுகளை மட்டும் இதில் ஏற்றி மாட்டிவிட்டு, பழையதை மேனேஜர் உடைத்துப் போட்டது பிறகுதான் தெரிந்தது.

சீட்டில் தயாரிப்புத் தேதி இருந்தது.

தம்பி இறந்து ஐந்தாவது நாள்.