மூன்றாவது பெட்டி

விழும்போது சறுக்குப் பலகை காலிலிருந்து கழன்றதா? என் முழங்காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே மருத்துவர் கேட்டது இதைத்தான். அந்த நோவிலும் இதை ஏன் கேட்கிறார் என்று யோசித்தேன். கழலவில்லை என்றேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். ஏன் கழலவில்லை என்று அறியும்வரை எனக்கு நித்திரை வராது. நான் அப்படிப்பட்ட ஆள்.

ஜேர்மனியின் வுப்பர்டாலில் வீடு வீடாகத் தபால் போடுகிறேன். மேடும் பள்ளமுமான நகரம். என் சுற்றில் பாதி படிக்கட்டுதான். முழங்கால் போனால் வேலையும் போகும். அதே காயத்தோடு இதை வாசிப்பவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை.

வேலைத்தலத்து நண்பர்கள் இருவரோடு ஒருநாள் பனிச்சறுக்கப் போயிருந்தேன். வேகமாகக்கூட விழவில்லை, அதுதான் வெட்கம். கிட்டத்தட்ட நின்ற நிலையில் ஒரு பக்கமாகச் சரிந்தேன். உடம்பு திரும்பியது, பலகையில் பூட்டியிருந்த கால் திரும்பவில்லை. உள்ளே ஏதோ டப்பென்றது.

முன் சிலுவை நார் (முழங்காலின் நடுவே குறுக்காக ஓடி, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து வைக்கும் நார்) அறுந்திருந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்தினார்கள். என் உடம்புக்குள்ளேயே உதிரிப்பாகம் இருந்தது எனக்குப் பெரிய புதினம்.

கட்டிலில் கிடந்தபடி பூட்டைப் பற்றி வாசித்தேன். சப்பாத்தைப் பலகையோடு கவ்விப் பிடிப்பது அது. விழும்போது தானாகத் திறக்க வேண்டும். எவ்வளவு விசைக்குத் திறக்க வேண்டும் என்பதைப் பலகையை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் திருகி வைப்பார்கள். நாம் எழுதிக் கொடுக்கும் நிறை, உயரம், வயது, சறுக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் திருகுவார்கள்.

என் கணவர் ரமணன் கொதித்துப்போனார். கடைக்காரன் கவனமில்லாமல் இறுக்கிவிட்டான், சும்மா விடக்கூடாது என்று முறைப்பாட்டுக் கடிதமே எழுதிவிட்டார். கையெழுத்துப் போட நானும் தயார்தான். ஆனால் என் துருவும் குணம் விடவில்லை. முதலில் நான் நிரப்பிய படிவத்தின் பிரதியைக் கேட்டேன்.

அது வந்தது. நிறை சரி. பெண்கள் அதை மறைப்பார்கள் என்பார்கள், நான் மறைக்கவில்லை. சறுக்கும் விதத்துக்கு மூன்று பெட்டிகள்: மெதுவாக, நடுத்தரமாக, வேகமாகவும் துணிச்சலாகவும். மூன்றாவதில் புள்ளடிக் குறி. கீழே என் கையெழுத்து.

ரமணன் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் பார்த்தார்.

"இது ஆர் போட்டது?"

"நான்தான்."

"நீர் பள்ளிக்கூடத்தில ஒருக்காத்தானே சறுக்கினனீர்?"

"ஓம். அவை ரெண்டு பேரும் பக்கத்தில நிண்டவை."

நான் இந்த நாட்டிலேயே வளர்ந்தவள். பனியைக் கண்டால் பயப்படும் தமிழச்சி என்று நண்பர்கள் நினைத்துவிடக்கூடாதே என்று ஒரு வீம்பு. அவர்கள் அப்படி நினைத்தார்களா என்றுகூடத் தெரியாது. வருடாவருடம் சறுக்கும் அந்த இருவரும் நடுப்பெட்டியில் புள்ளடி போட்டதைப் பிறகு கேட்டறிந்தேன். வேகமாகச் சறுக்குபவர்களுக்குப் பூட்டை இறுக்கித்தான் வைப்பார்கள். கடைக்காரர் நான் எழுதிக் கொடுத்த பெண்ணுக்குச் சரியாகத்தான் திருகியிருக்கிறார். அந்தப் பெண் நானில்லை. எனக்கு அழுகை வந்தது. ரமணன் கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

உண்மையைப் போட்டிருந்தால் நார் தப்பியிருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டேன். சரியாகத் திருகிய பூட்டும் எல்லா விழுகையிலும் முழங்காலைக் காப்பதில்லை, யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அடுத்தது இயன்முறைப் பயிற்சி (தசையையும் மூட்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பயிற்சி). பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் வலிக்கு எண் கேட்பார்: வலியே இல்லையென்றால் பூச்சியம், தாங்கவே முடியாதென்றால் பத்து. இரண்டு என்பேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிடும். அவரும் நம்பிப் பயிற்சியைக் கூட்டினார். ஒருநாள் முழங்கால் அடுப்பில் வைத்த பணிஸ் மாதிரி வீங்கியது. ஒரு மாத முன்னேற்றம் போய்விட்டது.

ஐஸ் பையை வைத்தபடி ரமணன் சொன்னார்: "அங்கையும் மூண்டாவது பெட்டியிலதான் போட்டிருக்கிறீர்."

சரியான கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

அறுவை முடிந்து ஒன்பதாம் மாதம் கடைசிப் பரிசோதனை. அறுவை செய்த காலால் படியிலிருந்து குதித்து நிற்க வேண்டும். தேறினால் திங்கட்கிழமை என் சுற்றுக்குத் திரும்பலாம். தேறாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆளைப் போடப் போவதாக அலுவலகத்தில் கதை அடிபட்டது. குதித்தேன். விழாமல் நின்றேன். வலி எத்தனை என்று பயிற்சியாளர் கேட்டார்.

இரண்டு என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கிவிட்டு, முழங்கால் என்ன சொல்கிறது என்று முதல் முறையாகப் பொறுத்துப் பார்த்தேன். வாயைவிட அது மெதுவாகத்தான் பதில் சொன்னது.

"ஆறு," என்றேன். "படி இறங்க இன்னும் என்னால் முடியாது."

இன்னும் ஆறு கிழமை பயிற்சி வேண்டும் என்றார்.

அலுவலகத்துக் கதை பொய்த்தது, சுற்று என் கையைவிட்டுப் போகவில்லை. இப்போது மறுபடியும் படிகளில்தான் திரிகிறேன். ஏறுவது முன்புபோலத்தான், இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் கால் பதில் சொல்லும்வரை நிற்கிறேன். சுற்று முடிய அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. மேலாளர் காரணம் கேட்டார்.

மெதுவாகத்தான் இறங்குவேன் என்றேன். முதலாவது பெட்டி.