சலீமா தேர்ந்தெடுத்த வரி

சலீமாவுக்கு மறதி கிடையாது. அது நல்ல குணமா கெட்ட குணமா என்று புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை. ஓட்டல்களுக்கு மேசை விரிப்பும் தலையணை உறையும் தைத்துத் தரும் ஃபஹீமின் தையல் கூடத்தில் பதினாலு வருஷம் உழைத்தவள் அவள். ஃபஹீம் வேறு யாருமில்லை, சொந்தச் சின்னம்மா மகன். துணி ஓரத்தில் ஓடும் பூ வேலை அத்தனையும் இவள் மூளையில் பிறந்தது. பெயர் மட்டும் அவனுக்கு.

போன வருஷம் ஒரு நாள், ஃபஹீமிடம் வருஷக்கணக்காகச் சரக்கு வாங்கி, கோட்டக்குப்பம் தாண்டி ரிசார்ட் நடத்தும் கலைவாணி முதல் தடவையாகக் கூடத்துக்கு வந்தார். பிரான்சில் முப்பது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். எல்லோருக்கும் அவர் மதாம்தான். ஒரு விரிப்பை ஆசையாகத் தடவிப் பார்த்தவர், சலீமாவைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

ஃபஹீம் போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "வேலைக்கு வர்ற பொம்பள, மதாம்."

அக்கா என்று சொல்லியிருக்கலாம். பேரையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். சின்ன வயதில் அவனுக்கு மூக்குச் சளி துடைத்துச் சோறு ஊட்டியவள் இவள். சலீமா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். தான் வரைந்த பூ டிசைன் தாள்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், அதன் பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை. வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

ரெண்டு மாசத்தில் தன் ஒருத்தி பேரில் ஒரு கம்பெனி பதிந்தாள். ஜி.எஸ்.டி. வரிக்குப் பதிய ஆடிட்டர் ஜெய்னுலாபுதீனிடம் போனாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "காம்போசிஷன் போட்டுடலாம்மா. சின்ன கம்பெனிதான? நூத்துக்கு ஒரு ரூபா கட்டுனா தீந்துச்சு. மூணு மாசத்துக்கு ஒருக்கா வேலை" என்றார்.

"ஃபஹீம் கடையில அந்த போர்டுதான மாமா தொங்குது?"

"ஆமா. சின்ன ஆளுங்களுக்கு அதான் தோது. என்ன, வரி பில் குடுக்க முடியாது. வெளி மாநிலத்துக்கு சரக்கு விக்கக் கூடாது. நமக்கு எங்க வெளி மாநிலம்?"

சலீமா மெதுவாகக் கேட்டாள். "கோட்டக்குப்பம் எந்த மாநிலம் மாமா?"

ஆடிட்டர் சிரிக்க வாயைத் திறந்து, சிரிக்காமல் மூடிக்கொண்டார்.

கறி வாங்க, கல்யாணத்துக்கு, மௌத்துக்கு என்று நாளைக்கு நாலு தடவை போய் வரும் கோட்டக்குப்பம் தமிழ்நாடு என்பது இந்த ஊரில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஃபஹீமுக்கும் இல்லை. அத்தனை வருஷமாக மதாம் ரிசார்ட்டுக்கு வேனில் சரக்கை அனுப்பிவிட்டு, பில்லை மட்டும் அவருடைய புதுச்சேரி வீட்டு விலாசத்துக்குப் போட்டு வந்தான். பக்கத்துத் தெருவுக்கு அனுப்புகிற நினைப்பு.

வீட்டுக்கு வந்து டிசைன் கட்டைப் பிரித்தாள். புதுத் தாள் வாங்க ஃபஹீம் காசு தராததால், பழைய டெலிவரி சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் அவள் எப்போதும் வரைவாள். ஒரு பக்கம் மல்லிகைக் கொடி. திருப்பினால் தேதி, சரக்கு, ரிசார்ட் விலாசம், கீழே ஃபஹீமின் கையெழுத்து. நாப்பதுக்கு மேல் இருந்தன, ஒவ்வொன்றும் அவன் மாநிலம் தாண்டி விற்றதற்குச் சாட்சி. அன்றைக்குத்தான் அவள் ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் ஆடிட்டரிடம், "ரெகுலர்ல போடுங்க மாமா" என்றாள்.

"வெளி மாநிலத்துக்கு விக்கலாந்தான், ஆனா மாசாமாசம் கணக்கு காட்டணும்மா. தலைவலி."

"இருக்கட்டும். எனக்குக் கோட்டக்குப்பம் வேணும்."

வரி நம்பர் வந்ததும் நேராக மதாமிடம் போனாள். யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "இந்தத் தடவ ரிசார்ட் பேர்லயே, உங்க தமிழ்நாட்டு நம்பர் போட்டு வரி பில் கேளுங்க மதாம். வரியில கழிச்சிக்கலாம். என்கிட்டயும் கேளுங்க, ஃபஹீம்கிட்டயும் கேளுங்க. யாரு தர்றாங்களோ, ஆர்டர் அவங்களுக்கு."

இவள் கையோடு கொடுத்தாள். ஃபஹீம் மூணு நாள் இழுத்தான். நாலாம் நாள் ஆடிட்டர் அவனுக்கு விஷயத்தைப் புரிய வைத்திருக்க வேண்டும். கருவடிக்குப்பத்துக்கு அவள் வீட்டுக்கே வந்து நின்றான்.

"அக்கா, மதாம்கிட்ட பில் கேக்கச் சொன்னது நீயா?"

அக்காவாம். இப்போது வாயில் வருகிறது.

"நான்தான்."

"நானும் ரெகுலருக்கு மாறிடுவேன். ஆர்டர என்கிட்ட விட்டுடு."

சலீமா மல்லிகைக் கொடியை மேசை மேல் வைத்தாள். பிறகு தாளைத் திருப்பினாள். ஃபஹீம் தன் கையெழுத்தைப் பார்த்தான். கையை நீட்டினான். அவள் தாளை எடுத்துக்கொண்டாள்.

"இத வரி ஆபீஸ்ல காட்டிட்டியா?"

"இன்னும் இல்ல."

"உனக்கு என்னதான் வேணும்?"

"மதாமுக்கு மொத லோடு இன்னிக்கிப் போவுது. மூட்டை தூக்க ஆள் வரல. வர்றியா?"

வந்தான். வராமல் என்ன செய்வான்? ஆட்டோவில் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து வந்தான். ரிசார்ட் வாசலில் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றியபோது மதாமே எதிரே வந்துவிட்டார்.

"ஃபஹீம்? நீங்க எங்க இங்க?"

ஃபஹீம் சலீமாவைப் பார்த்தான். அவள் கைப்பையிலிருந்து காகித ஓரம் எட்டிப் பார்த்தது.

"வேலைக்கு வர்ற ஆளு, மதாம்" என்றாள் சலீமா.

இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. காது மடல் சிவந்துபோய், மூட்டையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான். பாவமாக இருக்குமோ என்று சலீமா கொஞ்ச நேரம் தன்னையே பார்த்துக்கொண்டாள். இல்லை. துளிக்கூட இல்லை. நெஞ்சு குளிர்ந்துதான் இருந்தது.

எல்லா மூட்டையும் இறக்கி வைத்தபின் அவன் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "அந்தச் சீட்டையெல்லாம் குடுத்துடு அக்கா" என்றான்.

சலீமா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அடுத்த லோடு வியாழக்கெழம. எட்டு மணிக்கெல்லாம் வந்துடு."