கண்ணளவு மாஸ்டர் டியூஷன் டீச்சர் தேடிய கதை

“அளவு நாடா எதுக்குங்க? ஆள் வாசலைத் தாண்டறதுக்குள்ள தோள், கை, இடுப்பு மூணும் என் மனசுல எழுதியாச்சு. இந்த ஆயுசுல நான் நாடாவைத் தொட்டேன்னா, கத்தரிக்கோலைக் கீழ வச்சிடறேன்.”

தையல் கடை திறந்த அன்று முதல் வாடிக்கையாளரிடம் மாஸ்டர் செய்த பிரகடனம் இது. அதன்பின் இருபத்திரண்டு வருடங்களாக, தலைக்கு ஒரு தடவை வீதம் செய்துவந்தார். தெரு அவருக்குக் ‘கண்ணளவு மாஸ்டர்’ என்று பட்டம் சூட்டியது. பாதிப் பேர் அதை மரியாதையாகச் சொன்னார்கள். மீதிப் பேர் நீளமாகிப்போன சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்கள். நாடாவோ மிஷின் டிராயரில், உடைந்த பட்டன்களுக்கு நடுவே, சுருண்டு தவமிருந்தது.

கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு துணித்திரை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எந்நேரமும் ஒரு குரல் வரும். “அப்பா, நூலை ஏன் முறுக்கியிருக்காங்க?” “அப்பா, காந்தம் ஊசியை இழுக்குது, பித்தளைப் பட்டனை ஏன் கண்டுக்கவே மாட்டேங்குது?” ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள். மாஸ்டரிடம் எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் ஒரே விடை தயாராக இருந்தது: “அது அப்படித்தான் கண்ணு.” ஆனாலும் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அவருக்கு மிஷின் ஓடாது.

ஒரு நாள் அந்தச் சத்தம் நின்றுபோயிற்று.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அறிவியல் வகுப்பில் அவள் எழுந்து, “சார், இஸ்திரிப் பெட்டி ரொம்பச் சூடா இருக்கும்போது மட்டும் தண்ணித்துளி காயாம உருண்டு ஓடுதே, ஏன்?” என்று கேட்டாள். “இது பரீட்சைக்கு வருமா? உக்காரு” என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது. நாலு நாள் அவளை ‘இஸ்திரி’ என்று கூப்பிட்டது. ஐந்தாம் நாள் வகுப்பு மறந்துவிட்டது, அவள் மறக்கவில்லை. பள்ளியிலும் வாய் திறக்கவில்லை, வீட்டிலும் திறக்கவில்லை. அடுத்த பரீட்சையில் அறிவியலுக்கு இருபத்து மூன்று.

இருபத்து மூன்றைக்கூட மாஸ்டர் தாங்கிக்கொண்டார். திரைக்குப் பின்னால் இருந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை.

“டியூஷன் வச்சிடலாம். நல்ல ஆளா நான் தேடறேன். பாத்ததும் அளந்துடுவேன்” என்றார்.

“அதான் பயமா இருக்கு” என்றாள் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி.

ஆசிரியர்களை எடைபோட மாஸ்டர் கண்டுபிடித்த முறை எளிமையானது: சட்டையைப் பார்ப்பது. முதலில் தேர்வானவருக்குத் தோள் தையல் எலும்பின்மேல் அட்சரம் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. அவர் ஒரு கூடத்தில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு மைக் வைத்துப் பாடம் நடத்தினார். மகள் இரண்டு மாதத்தில் நாலு நோட்டு நிரப்பினாள். மாஸ்டர் போய் விசாரித்தபோது, “எந்தப் பொண்ணு? மூணாவது பெஞ்சா?” என்று கேட்டார் தோள் தையல்.

இரண்டாமவர் வீட்டுக்கே வந்தார். காலர் கத்திபோல் நின்றது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், “ரொம்ப ஈஸிதானே? புரிஞ்சுதா?” என்பார். “புரிஞ்சுது” என்பாள் மகள். இந்த ஒரே சொல்லில் எட்டு வாரம் ஓடியது. பரீட்சையில் இருபத்தொன்று வந்தது. இரண்டு சட்டைகளும் சேர்ந்து இரண்டு மார்க்கைக் கழித்திருந்தன.

அந்தச் சமயத்தில்தான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், வெள்ளை மேலங்கியோடு கடைக்கு வந்தாள். கை நீளம், குனிந்தால் கண்ணாடிக் குவளைக்குள் போய் நனைகிறது, குறைக்க வேண்டும். மாஸ்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாக்குக்கட்டியால் கோடு போட்டார்.

“அளவு எடுக்கலையா மாஸ்டர்?”

மாஸ்டர் பிரகடனத்தை முழுசாகச் சொன்னார். அவள் கேலி செய்யவில்லை. கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, உண்மையான ஆர்வத்தோடு, “இதுவரைக்கும் எத்தனை தடவை தப்பாச்சு? எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?” என்றாள்.

திரைக்குப் பின்னால் ‘க்ளுக்’ என்று ஒரு சிரிப்பு. பல மாதங்களுக்குப் பிறகு அங்கிருந்து வந்த முதல் சத்தம். மனைவி கையில் ஊசியோடு எழுந்து வந்துவிட்டாள். “நீங்க பிள்ளைங்களுக்கு சயின்ஸ் சொல்லித் தருவீங்களாம்மா?”

“சாயங்காலம் ரெண்டு பேருக்குச் சொல்லித் தர்றேங்க. ஏன்?”

அவள் போனதும் மாஸ்டர் ஆட்சேபத்தைப் பதிவுசெய்தார். “அந்த மேலங்கியைப் பாத்தியா? ஒரு தோள் கிழக்கே போகுது, ஒண்ணு மேற்கே போகுது. பையில மைக்கறை வேற.”

“ஏங்க, மேலங்கியா வந்து பாடம் நடத்தப்போகுது? பாப்பா சிரிச்சது உங்க காதுல விழலையா?”

விழுந்திருந்தது. மாஸ்டர் மேலங்கியின் கையைக் குறைக்க மிஷினில் உட்கார்ந்தார்.

முதல் நாள் பாடம் முடிந்ததும் மகள் வழக்கம்போல் “புரிஞ்சுது” என்றாள். திரைக்கு இந்தப் பக்கம் மாஸ்டர் மிஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

“எது வரைக்கும் புரிஞ்சுது?” என்றாள் டீச்சர்.

நோட்டுத் தாள் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு மெல்ல, “ரெண்டாவது வரி வரைக்கும்.”

“நல்லதாப் போச்சு. மூணாவதுலேருந்து ஆரம்பிப்போம்.”

இப்படியே ஒரு வாரம் போனது. ஒரு மாலை, குரலை ரொம்பத் தாழ்த்தி மகள் அந்த இஸ்திரிப் பெட்டிக் கேள்வியைக் கேட்டாள். மாஸ்டர் மறுபடி மிதிப்பதை நிறுத்தினார்.

“எனக்கும் தெரியலையே” என்றாள் டீச்சர்.

தெரியலையாம். மாஸ்டர் மனசுக்குள் அவள் கணக்கை முடித்தார். அதற்குள் அவள் திரையை விலக்கி, “மாஸ்டர், இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் தருவீங்களா?” என்றாள்.

பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒவ்வொரு சூட்டிலும் ஒவ்வொரு துளி விட்டு, அது மறைய எத்தனை நொடி ஆகிறதென்று இருவரும் எண்ணினார்கள். மிதமான சூட்டில் துளி ‘சுர்’ரென்று செத்தது. அதிகச் சூட்டில் நாட்டியமாடி நாலு மடங்கு நேரம் உயிரோடிருந்தது. மறுநாள் டீச்சர் விடையைத் தேடிப் படித்துவிட்டு வந்தாள். தகிக்கும் உலோகத்தைத் தொட்டதும் துளியின் அடிப்பக்கம் மட்டும் ஆவியாகி, அதற்கே மெத்தையாகிவிடுகிறதாம். துளி அந்த ஆவி மெத்தையில் மிதக்கிறதாம். வகுப்பில் நடந்ததையும் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, “இத்தனை மாசமா இதைச் சுமந்துட்டிருந்தியா? அருமையான கேள்விடா” என்றாள். அன்று இரண்டு உருப்படிகளை மாஸ்டர் சுருக்கத்தோடு டெலிவரி செய்தார். பெட்டி காலியாகவே இல்லை.

அதற்கப்புறம் கேள்விகள் மடை திறந்தன. போதாக்குறைக்கு மகள் ஒரு நோட்டுப் போட்டாள். அட்டையில் ‘அப்பாவின் கண்’ என்று எழுதியிருந்தது. உள்ளே மூன்று கட்டம்: அப்பா சொன்னது, நாடா சொன்னது, வித்தியாசம். நாடாவை டிராயரிலிருந்து அவள்தான் எடுத்தாள்; மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இருபது வாடிக்கையாளர்களில் பதினேழு பேருக்கு வித்தியாசம் இருந்தது.

“நாடா பழசு. சுருங்கியிருக்கும்” என்றார் மாஸ்டர்.

“சுருங்குதான்னு ஸ்கேல் வச்சுப் பாக்கலாமாப்பா?”

“வேலையைப் பாரு.”

அந்த வருடம் அறிவியலுக்கு ஐம்பத்தெட்டு வந்தது. மாஸ்டர் மார்க்கை ஒரு தடவை பார்த்துவிட்டு, திரைக்குப் பின்னால் மகள் தன் அம்மாவிடம், “வெங்காயம் நறுக்கினா நமக்கு மட்டும் கண்ணு எரியுது, கத்திக்கு ஏன்மா எரியல?” என்று துளைத்துக்கொண்டிருந்ததை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்தாம் வகுப்புக்குப் புதுச் சீருடை தைக்க வேண்டும். துணியை மேசையில் விரித்து மாஸ்டர் மகளைக் கூப்பிட்டார். பிறந்ததிலிருந்து அவர் கண்முன்னாலேயே வளர்ந்தவள். அவளுக்கு அளவு பார்க்கக் கண்கூட வேண்டாம்.

“கை பத்தொன்பது இன்ச்” என்றார்.

அவள் நோட்டை எடுக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பழைய சீருடையின் கை மணிக்கட்டுக்கு ரொம்ப மேலேயே நின்றுவிட்டிருந்தது. எப்போதிலிருந்து என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை.

அவர் டிராயரைத் திறந்தார். நாடாவின் ஒரு முனையை அவள் தோளில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, மறு முனையை மெல்ல மணிக்கட்டுவரை கொண்டுபோனார். இருபது முக்கால்.

“அந்த நோட்டு எங்க?” என்றார்.

அவரே எழுதினார். அப்பா சொன்னது: 19. நாடா சொன்னது: 20¾. வித்தியாசம் என்ற கட்டத்தில் 1¾ என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, துணியை அந்த அளவுக்கே வெட்டத் தொடங்கினார்.