தண்ணீர்க் கட்சி, நெருப்புக் கட்சி

நேற்றைய மழையில் எதிர்மனைச் செங்கற்கள் நனைந்து மணந்தபோது, கிரேக்கத் தத்துவப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். உலகம் எதனால் ஆனது என்ற கேள்வியில்தான் மேற்கத்தியச் சிந்தனையே தொடங்கியதாம். ஒரு ஞானி தண்ணீர் என்றாராம், பின்னால் வந்தவர் நெருப்பு என்றாராம்.

இன்று வீட்டுமனையாகிவிட்ட உத்திரமேரூர் ஏரியோரச் செங்கல் சூளையில், சிறுவயதில் முழங்கால்வரை சேற்றோடு நானும் அதைத்தான் கேட்டேன். அறுத்து வைத்த, இன்னும் சுடாத பச்சைக் கல்லையெல்லாம் மழை கரைத்துவிட்ட எரிச்சலில் அம்மா, "எல்லாம் தண்ணிதான்டி. மறுபடி சேறாப் பூட்ச்சு பாரு" என்றாள்.

சூளைக்குத் தீ போடும் என் அப்பா, நைனா, விடவில்லை: "நெருப்பு இல்லாத இன்னா கீது?"

ஒரே குண்டானில் கஞ்சி குடித்துக்கொண்டே வாதாடினார்கள்.

"தண்ணி ஊத்தி நெருப்புல வெச்ச இந்தக் கஞ்சி யாரு கட்சிம்மா?" என்றேன்.