சின்னமனூர்க் கோழிகள்

பொட்டிப்புரத்து இருளம்மாள் கல்யாணமான நாளிலிருந்து மானாவாரிக் காட்டில் வரகு விதைத்தவள். ஏழு தோல் போர்த்திய அந்தப் பிடிவாதக்காரத் தானியத்தை மண் பூசிய திருகையில் திரித்து, குத்தி, புடைத்துச் சோறாக்குவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அவளுடைய தம்பி ஒச்சாண்டியும் அந்தச் சோற்றைத் தின்றுதான் மீசை வளர்த்தான்.

1926-இல் சின்னமனூரில் மாமனார் கொடுத்த வாய்க்கால் வயல் ஒச்சாண்டி கைக்கு வந்தது. அன்றிலிருந்து துரைக்கு வரகு தொண்டையில் இறங்கவில்லை. அக்கா வீட்டு விசேஷத்துக்கு வந்தால்கூடச் சொந்த அரிசியைத் துண்டில் முடிந்துகொண்டு வருவான். தின்றுவிட்டுத் தெருவில் நின்றுதான் கை கழுவுவான். விரலில் ஒட்டிய நெல்லுச்சோற்றை ஊர் பார்க்க வேண்டாமா?

"அக்கா, இது கோழி திங்கிற தீனி" என்பான்.

அதற்காக இருளம்மாள் விதைப்பை நிறுத்தியதில்லை.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், 1946-இல், விளைந்த நெல்லை ரேஷனுக்கென்று சர்க்கார் அளந்து எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு விட்டுப்போனது மூன்று மாதம்கூட வரவில்லை. ஒரு மத்தியானம் ஒச்சாண்டி சாக்கோடு வந்து நின்றான். உடம்பு பாதியாகியிருந்தது, திமிர் மட்டும் இளைக்கவில்லை.

"கோழிக்கு ரெண்டு மரக்கா வரகு வேணும்க்கா."

அவள் தானியக் குலுக்கையிலிருந்து தோலோடு அள்ளிச் சாக்கில் கொட்டினாள். அவன் நகரவில்லை. கையைப் பிசைந்தான்.

"குத்திப் பொடைச்சதா இருந்தா நல்லாருக்கும்..."

"ஏன்லே," என்றாள் இருளம்மாள், "சின்னமனூர்க் கோழிக்கு உமி தொண்டையில எறங்காதோ?"